ஏழாம் பாகத்தில் நனைந்த குடை

துப்பறிவாளர் கலியபெருமாளின் சிகரெட்
எவ்வளவு எரிந்திருந்தது என்று எழுதுவது என் வேலை.
சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
கதவைத் தள்ளியது இடக்கையா வலக்கையா,
மேசைமேல் தண்ணீர்
பாதி டம்ளரா, பாதிக்கும் ஒரு விரல் கீழா.
கட்டம் போட்ட கணக்கு நோட்டு.
அன்றைக்குக் குபேர் பஜாரில் அதுதான் கிடைத்தது.

எண்பத்தேழு. பதின்மூன்று பாகம்.
செவ்வாய் இரவு எட்டரைக்குக் கொலை,
தொடர்ந்து செய்திகள்.
சூஃப்ரன் வீதியில் பூட்டிக் கிடந்த வீட்டை
ஒரு மாத வாடகைக்குப் பிடித்த தணிகாசலம்
நான்கு மாதம் காலி செய்யவில்லை.
முன்கூடம் கலியபெருமாளின் அலுவலகம்,
பின்கட்டு பிணவறை,
மாடி
சாகப்போகிற பணக்காரர்கள் காத்திருக்கும் இடம்.

சுவரின் மஞ்சளில்தான் முதல் துப்பை வைத்திருந்தார் கதாசிரியர்.
"முக்கால்வாசி வீட்டில் கறுப்பு வெள்ளை டி.வி., சார்" என்றேன்.
துப்பைப் பெயர்த்துக் கடிகாரத்தில் வைத்தோம்.
கடிகாரம் ஓடவில்லை.
அதுவும் நல்லதாகப் போயிற்று.

கலியபெருமாளாக நடித்த குப்புராமலிங்கம்
துறைமுக அலுவலகத்தில் எழுத்தர்.
ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிளில் வருவார்.
அதனால் எங்கள் கொலைகள் எல்லாம்
இருட்டிய பிறகே நடந்தன.
"இருளின் அழகியல்" என்று
ஒரு பத்திரிகையில் எழுதினார்கள்.

கொலையாளி அந்துவான்.
பன்னிரண்டு பாகம் நல்லவனாகச் சிரித்துவிட்டு
பதின்மூன்றில் மாட்டிக்கொள்ள வேண்டியவன்.
பத்தாம் பாகம் எடுத்து முடித்த மறுநாள்
தூதரகத்திலிருந்து அவனுக்குக் காகிதம் வந்துவிட்டது.
துலூஸில் அண்ணன், வேலை, குளிர்கோட்டு, எல்லாம் தயார்.
கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான்.
தணிகாசலத்திடம்,
"மன்னிச்சுக்குங்க சார், நான் யாரையும் கொல்லல."

அன்றிரவு பெரிய வாய்க்கால் ஓரத்துப் பரோட்டாக் கடையில்
எங்களிடம் மூன்று பிணம் இருந்தது.
கொன்றவர் இல்லை.
கதாசிரியர் தீக்குச்சிகளை உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.
சமையல்காரர்?
அவருக்குக் கைநடுக்கம், முதல் பாகத்திலேயே காட்டியாயிற்று.
விதவை?
சோப்பு கம்பெனி ஒப்பாது.

நான் நோட்டைத் திறந்தேன்.
பாகம் ஏழு, காட்சி பதினொன்று:
டாக்டர் கையில் குடை. ஈரம்.
வசனத்திலோ, "மூணு மாசமா ஒரு சொட்டு மழை இல்ல."
எடுத்த அன்று மத்தியானம் நிஜமாகவே கொட்டித் தீர்த்தது.
விளக்கை அணைத்துச் சுருட்டும்போதுதான்
தரையில் சொட்டியிருந்ததைப் பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஒளிபரப்பாகியும் விட்டது.
ஓரத்தில் பென்சிலால் மட்டும்: என் தவறு.

உரக்கப் படித்தேன். வேலை போனால் போகட்டும்.

தணிகாசலம் இலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்:
"மழை இல்லாத ஊர்ல குடை எங்க நனையும்?"
குப்புராமலிங்கம், இன்னும் மேக்கப் கலையாத முகத்தோடு,
"கிணத்துல."

ஆறாம் பாகத்துப் பிணம்
கிணற்றில்தான் கிடந்தது.

டாக்டராக நடித்தவர் உப்பளத்துப் பல் வைத்தியர், தெய்வசிகாமணி.
தான் மூன்று பேரைக் கொன்றது
அவருக்கு மறுநாள் காலைதான் தெரியும்.
"முதல்லயே சொல்லியிருந்தா
இன்னும் கொஞ்சம் முழிச்சிருப்பேனே" என்று வருத்தப்பட்டார்.
அடுத்த மாதம் பல் பிடுங்க வந்தவர்கள்
பாதியாகக் குறைந்தார்கள்.

கடிதங்கள் சாக்கில் வந்தன.
ஏழிலேயே குடையை வைத்துவிட்டாரே, என்ன மூளை!
தணிகாசலம் எல்லாருக்கும் தபால் அட்டையில் பதில் எழுதினார்:
நன்றி. ஆரம்பத்திலிருந்தே அதுதான் திட்டம்.
அட்டைகளைப் பெட்டியில் போட்டது நான்.

முடிவில் ஓடும் பெயர்களில் கடைசி, லெயோனி.
'லெ' வரும்போது
செய்தி இசை வந்துவிடும்.

நாடாக்களை அழித்து
நெற்பயிர்ப் புழுவைப் பற்றி ஏதோ பதிவு செய்தார்களாம்.
குடை என்னிடம் இருக்கிறது, இரண்டு கம்பி போய்விட்டது.
நோட்டும் இருக்கிறது.
ஓரத்தில் எழுதியதில்
இரண்டாவது சொல்லை மட்டும்
அந்தப் பரோட்டாக் கடையிலேயே ரப்பரால் அழித்தேன்.
அழுத்தித் தேய்த்ததில்
கட்டத்தின் கோடும் கொஞ்சம் போயிற்று.